ஆட்டுக்கும் புலிக்கும் ஒரே நியாயம்

திண்டிவனத்தை விட்டு மேற்கே செஞ்சியை நோக்கிச் செல்லச் செல்ல, வயலும் தோப்பும் குறைந்து பாறைக் குன்றுகள் மிகுந்துவரும் அந்தப் பிரதேசத்தில், ஆடு மேய்ப்போரும் வழிப்போக்கரும் நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்து ஒரு யுத்தத்தையே நடத்தி முடிப்பதற்குத் தேவைப்பட்ட தளவாடம் ஒரு கரித்துண்டும், மூன்று கூழாங்கல்லும், பதினைந்து புளியங்கொட்டையுமே. கல் புலி, கொட்டை ஆடு. ஆடு புலி ஆட்டம் என்று தமிழ்நாடெங்கும் வழங்கும் இந்த விளையாட்டை ஆந்திரரும் கன்னடரும் தத்தம் பெயரிட்டு ஆடுகிறார்கள். நேபாளத்தில் 'பாக் சால்' என்ற பெயரில் இதன் உறவினம் ஒன்று வாழ்கிறது. கோயில் மண்டபத் தரைகளிலும் குன்றின் மேற்பாறைகளிலும் இதன் கோலத்தைச் செதுக்கிவைத்துப் போனவர்கள் யாரென்று நாம் அறியோம். ஆயினும் அவர்கள் தீர்த்துவைத்த பிரச்சினை எத்தகையது என்பதை, இன்றைக்குக் கணினித் திரையில் போர் விளையாட்டுகளை வடிவமைக்கும் நிபுணர்கள் நன்கு அறிவார்கள். பலத்தில் ஒவ்வாத இரு கட்சிகளை எதிரெதிரே நிறுத்தி, இருவருக்கும் வெற்றிக்கான சந்தர்ப்பம் ஒரே அளவாக அமையும்படி விதிகளை நிறுத்து அமைப்பது எவ்வாறு என்பதே அப்பிரச்சினை.

கோலத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். உச்சி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் கீழ்நோக்கி விரிந்து ஓர் அடிக்கோட்டில் போய் முடிகின்றன. அவற்றைக் குறுக்கே மூன்று கோடுகள் வெட்ட, அம்மூன்றின் நுனிகளையும் இடப்புறம் ஒரு கோடும் வலப்புறம் ஒரு கோடும் இணைத்து, முக்கோணத்தின்மேல் ஒரு செவ்வகம் படிந்த உருவம் உண்டாகிறது. உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் கோட்டுக்கு 6 வீதம் 18, அடியில் 4. ஆக 23 சந்திகள். உச்சியிலும் அதற்கடுத்த குறுக்குக் கோட்டிலுமாக 3 புலிகளை அமர்த்துவது பரவலான வழக்கம். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாகக் களத்தில் இறக்க, ஒவ்வொரு முறையும் புலிக்காரர் ஒரு புலியைப் பக்கத்துச் சந்திக்கு நகர்த்தலாம். அல்லது, ஒட்டி நிற்கும் ஆட்டுக்கு அப்பால் அதே கோட்டில் காலி இடம் இருந்தால் அதைத் தாண்டிக் குதித்து வெட்டலாம். 15 ஆடுகளும் இறங்கிய பிறகுதான் ஆடுகள் நகரத் தொடங்கும். மூன்று புலியும் அசைய வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்கு ஜயம்; கட்டுவதற்குப் போதாத அளவுக்கு ஆடுகள் குறைந்துபோனால் புலிக்கு ஜயம்.

இதில் நியாயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறவர் மூலைகளைக் கவனிக்க வேண்டும். செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும், முக்கோணத்தின் அடிமூலைகள் இரண்டிலும் உட்கார்ந்த ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. ஏனெனில் அங்கே கோடுகள் முடிந்துவிடுகின்றன, தாண்டிக் குதிப்பதற்கு அப்பால் இடமில்லை. அனுபவம் மிக்க ஆட்டுக்காரர் முதலில் இந்த மூலைகளைப் பிடித்து, பிறகு அவற்றுக்கு இடைப்பட்ட ஓரச் சந்திகளை நிரப்பி, அதன் பின்னரே நடுக்களத்தை நோக்கி நெருங்குவார். அவ்விதமானால் புலி செய்யக்கூடியது யாதெனில், ஆட்டுக்கு முன்பே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து அந்த வேலியைக் குலைப்பது. ஆனால் அங்கேதான் விதியின் சூட்சுமம் இருக்கிறது. நடுக்களத்தில் நிற்கும் புலியைக் கட்டுவதற்கு நான்கு திசையிலும் இரட்டை வரிசையாக எட்டு ஆடுகள் வரை வேண்டியிருக்க, செவ்வக மூலையில் ஒதுங்கிய புலிக்கு இரண்டே திசை; நான்கு ஆடுகள் போதும். ஆட்டுக்குக் கோட்டையான இடமே புலிக்குச் சிறையாகிறது. மூன்று புலியும் மூலைகளில் முடங்கினால்கூட 12 ஆடுகளுக்கு மேல் தேவைப்படாது. கையில் இருப்பவையோ 15. நான்கைந்தைப் பறிகொடுத்த ஆட்டுக்காரர் மனம் தளர்ந்துவிடுவதன் காரணம் இந்தக் கணக்கே.

இத்தகைய கட்டமைப்பில் ஒரு விதியை அசைத்தால் ஆட்டம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 15 ஆடுகளும் உயிரோடு களத்தில் நின்றால், 3 புலிகளையும் சேர்த்து 18 போக, காலியாக இருப்பவை 5 சந்திகள். ஆடுகளை 17 ஆக்கினால் காலி 3 ஆகிப் புலி மூச்சு முட்டும். 13 ஆகக் குறைத்தால் காலி 7 ஆகி ஆடுகளுக்கு வேலியே நிற்காது. இறக்கும் கட்டத்திலேயே ஆடுகள் நகரலாம் என்று அனுமதித்தால் ஆட்டுக்கு லாபம். ஒரே குதியில் இரண்டு, மூன்று ஆடுகளை அடுத்தடுத்து வெட்டலாம் என்றால் புலிக்கு லாபம். ஊருக்கு ஊர் இவ்விஷயங்களில் வழக்கம் வேறுபடுவதை அறியாமையால் விளைந்த குழப்பமென்று கருதுவதற்கில்லை. ஒரு சலுகையைக் கொடுத்த ஊர் இன்னொன்றை எடுத்துக்கொண்டு, தனக்கென்று ஒரு சமநிலையைக் கண்டடைந்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

நேபாளத்தார் வேறு கணக்குப் போட்டார்கள். அவர்களுடைய களம் 25 சந்திகள் கொண்ட சதுரம். புலிகள் 4, ஆடுகள் 20. ஐந்து ஆடுகள் வெட்டுண்டால் புலி வென்றதாக அர்த்தம். ஒன்றுகூட வெட்டப்படாமல் எல்லாம் இறங்கிவிட்டால் காலியாக இருப்பது ஒரே ஒரு சந்தி. கேட்ட மாத்திரத்தில் புலிக்கு இது பெரும் அநியாயமாகத் தோன்றும். ஆனால் லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற கணினி ஆராய்ச்சியாளர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விளையாட்டை எடுத்துக்கொண்டு, கோடானுகோடி நிலைகளைக் கணினியால் ஆராய்ந்தபோது, இரு தரப்பாரும் பிழையே செய்யாமல் ஆடினால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றிச் சமனில் முடியும் என்பது நிரூபணமாயிற்று. எழுத்தும் ஏடும் இல்லாமல், தோற்றவன் முகத்தைப் பார்த்துப் பார்த்தே மலைநாட்டு மக்கள் அமைத்த விதி, கணித யந்திரத்தின் பரீட்சையிலும் தேறியிருக்கிறது.

எனினும் கணினி காணும் சமநிலை ஒன்று, மனிதர் கையில் நிலவும் சமநிலை வேறொன்று. புதிதாகப் பழகுவோர் இருவரிடையே பெரும்பாலும் புலியே வெல்லும். புலிக்காரர் கண்ணில் பட்டதை வெட்டினால் போதும், ஆட்டுக்காரரோ பதினைந்தையும் ஒரே எண்ணத்தில் கோக்க வேண்டும். பழக்கம் முதிர முதிர வெற்றி ஆட்டின் பக்கம் சாயத் தொடங்கும். ஆகையால் விதிகளைத் திருத்த முனைகிறவர் முதலில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, யாருக்காகத் திருத்துகிறோம் என்பதாகும். பத்து வயதுக் குழந்தைகளுக்கு நியாயமான எண்ணிக்கை, முதிர்ந்த ஆட்டக்காரர்களுக்கு அநியாயமாக இருக்கக்கூடும்.

இரண்டு பேர் ஆடும்வரை சங்கதி இவ்வளவே. ஆட்டத்தில் மூன்றாமவரும் நான்காமவரும் சேர்ந்துவிட்டாலோ, காய்களின் பலத்தை மட்டும் நிறுத்தால் போதாது. மனிதர்களின் மனத்தையும் நிறுக்க வேண்டியதாகிறது. ஆடு புலி ஆட்டத்திலேயே மூன்று புலிகளை மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் கையில் இருந்தவரை, ஒரு புலி ஆட்டை மிரட்டி ஒதுக்க, மற்றொரு புலி வெட்டும். மூன்று பேர் கைக்குப் போனதும், வெட்டிய பெருமை தமக்கே வேண்டுமென்று ஒவ்வொருவரும் நினைக்க, தோழனுக்காகக் காத்து நிற்கும் புலி ஒன்றும் இராது. காயில் ஒன்றுகூடக் குறையாமலே புலிக்கட்சி பலம் இழந்துவிடும்.

இந்தச் சங்கடத்தை நம் நாட்டார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தார்கள் என்பதற்கு அறிஞர் அல்பிரூனி சாட்சி. சுமார் 1030ஆம் ஆண்டில் இந்தியாவைக் குறித்து அவர் எழுதிய பெருநூலில், நால்வர் சேர்ந்து ஆடும் சதுரங்கம் ஒன்றை விவரித்திருக்கிறார். எட்டுக்கு எட்டு கட்டங்கள் கொண்ட அதே பலகை. ஆளுக்கு அரசன், யானை, குதிரை, தேர் ஒவ்வொன்று, சேவகர் நால்வர், ஆக எட்டுக் காய்கள். எந்தக் காயை நகர்த்துவது என்பதைப் பகடை தீர்மானிக்கும். இதைவிடச் சுவையானது அவர்கள் வைத்திருந்த மதிப்பெண் முறை. அரசனுக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3, தேருக்கு 2, சேவகனுக்கு 1 என்று மதிப்பு வகுத்து, பந்தயத் தொகையை அந்த விகிதத்தில் பங்கிட்டார்கள். தன் அரசனை இழக்காமலே மற்ற மூன்று அரசர்களையும் பிடித்தவனுக்கு 54 மதிப்பெண் கிடைத்தது.

இவ்விரண்டு ஏற்பாடுகளின் உட்கருத்தை ஆராய்ந்தால் அவை வெறும் சூதாட்ட மோகத்தால் வந்தவையல்ல என்பது புலனாகும். நால்வர் ஆடும் யுத்தத்தில் இயல்பாகவே மூன்று கேடுகள் விளைகின்றன: முன்னேறியவன்மேல் மற்ற மூவரும் ஒன்றாகப் பாய்வது, இருவர் சண்டையிட்டு மெலிய, ஒதுங்கி நின்ற மூன்றாமவன் உழைக்காமலே பலன் அடைவது, முதலில் அரசனை இழந்தவன் எஞ்சிய பொழுதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பகடையானது, மூவர் கூடிச் செய்யும் சதியை நினைத்த மாத்திரத்தில் நிறைவேற்ற விடாமல் தடுக்கிறது. வேண்டிய எண் விழுந்தாலல்லவா வேண்டிய காய் நகரும்! மதிப்பெண்ணோ, ஒதுங்கி நின்று காத்திருப்பவனுக்குக் கிடைப்பதைக் குறைத்து, இறங்கிப் போராடியவன் தோற்றாலும் அவன் கையில் ஏதோ ஒரு பலனை விட்டுவைக்கிறது. பிற்காலத்தில் இவ்விளையாட்டு மறைந்து, பகடையில்லாத இருவர் சதுரங்கமே உலகை ஆண்டது என்பது உண்மைதான். ஆனால் நால்வர் ஆட்டத்துக்கு அவர்கள் கண்ட பரிகாரங்கள் இன்றைக்கும் பழையனவாகிவிடவில்லை.

விதியைத் திருத்தும்போது ஒரு திருத்தம் இன்னொன்றைப் பெற்றுவிடும் என்பதற்குச் சதுரங்கத்தின் சேவகனைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. ஆதியில் சேவகன் ஒரு நேரத்தில் ஒரே கட்டம்தான் நகர்வான். ஆட்டம் சூடு பிடிக்க வெகுநேரம் ஆவதைக் கண்ட ஐரோப்பியர், அவன் முதல் அடியில் இரண்டு கட்டம் தாவலாமென்று அனுமதித்தார்கள். வேகம் வந்தது, கூடவே ஓர் அநீதியும் வந்தது. ஒவ்வோர் அடியாக வந்திருந்தால் எதிரிச் சேவகனிடம் வெட்டுப்பட்டிருக்க வேண்டியவன், இரட்டை அடி வைத்துப் பக்கத்திலேயே நழுவிப் போய்விட்டான். அதைச் சரிக்கட்டவே, இரண்டு கட்டம் தாவியவனை, ஒரு கட்டம் மட்டுமே வந்தவனாகக் கருதி அடுத்த முறையிலேயே வெட்டலாம் என்ற விசித்திரமான விதி பிறந்தது. இன்று சதுரங்கம் பழகும் பிள்ளைகள் கேட்டுக் குழம்பும் அந்த விதி, பழைய திருத்தம் ஒன்றின் கடனை அடைப்பதற்காக வந்த விதியே.

நம் நாட்டில் வெகுகாலம் சேவகன் ஒற்றையடியே வைத்தான். ஒருமுறைகூட முற்றுகைக்கு ஆளாகாத அரசன், ஒரு தடவை மட்டும் குதிரையைப்போல் தாவலாம் என்ற சலுகையும் இருந்தது. திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்னும் பண்டிதர் 1814இல் பம்பாயில் வெளியிட்ட சதுரங்கப் புதிர் நூலை ஐரோப்பிய ஆட்ட முறைக்கு இசைவாக அமைக்க நேர்ந்ததும், இந்திய முறையில் வளர்ந்த பஞ்சாபின் சுல்தான் கான் 1926க்குப் பிறகே சர்வதேச விதிகளைக் கற்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றதும், இவ்விரு விதிமுறைகளின் சந்திப்பில் நிகழ்ந்த சம்பவங்கள். தமிழ்நாட்டில் 1950களிலும் அதற்குப் பின்னரும் நாட்டு முறை ஆட்டம் பரவலாக இருந்த சூழ்நிலையில், சர்வதேச முறையை இங்கே வேரூன்றச் செய்ததில் மானுவேல் ஆரோனுக்குப் பெரும் பங்குண்டு. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான அவர் 1972இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் பழகியவர்தாம், 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த். நாட்டு விதிகள் தரத்தில் தாழ்ந்தவை என்பது இதன் பொருளன்று. உலகத்தோடு மோத வேண்டுமானால் உலகத்தோடு ஒரே விதியில் உட்கார வேண்டும் என்பதே இதன் தாத்பரியம்.

ஆட்டத்தின் விதியைத் தொடாமல், வெற்றியை எண்ணும் முறையைத் திருத்தியே நியாயத்தை நிலைநாட்டுவதும் உண்டு. சதுரங்க ஒலிம்பியாடில் நாடுகள் நால்வர் அணியாக மோதும்போது, முன்னெல்லாம் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஈட்டிய புள்ளிகளின் மொத்தமே தரவரிசையைத் தீர்மானித்தது. அதனால் பலவீனமான அணியை நாலுக்குப் பூஜ்யமென்று நசுக்கியவருக்கு, பலசாலியைப் போராடி வென்றவரைவிட அதிக லாபம் கிடைத்தது. 2008 டிரெஸ்டன் ஒலிம்பியாடு முதல், மோதலில் வென்ற அணிக்கு 2, சமன் செய்த அணிக்கு 1 என்று மாற்றினார்கள். திண்டிவனத்துக்கு வடகிழக்கே கடலோரத்தில் இருக்கும் மாமல்லபுரத்தில் 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை நடந்த 44ஆவது ஒலிம்பியாடிலும் இதே கணக்குதான். குகேஷ், பிரக்ஞானந்தா முதலிய இளைஞர்களைக் கொண்ட இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலம் வென்றது அதில்தான். கீழ்த்திசையின் 'கோ' விளையாட்டில் முதலில் காய் வைப்பவருக்கு இயல்பாகவே அனுகூலம் இருப்பதால், இரண்டாமவருக்குச் சில புள்ளிகளை ஈடாகக் கொடுக்கும் மரபு உண்டு. ஜப்பானியர் அந்த ஈட்டை 2002இல் ஐந்தரையிலிருந்து ஆறரையாக உயர்த்தினார்கள். வருஷக்கணக்காக ஆடிய ஆட்டங்களின் முடிவுகளை எண்ணிப் பார்த்த பிறகு, ஒரே ஒரு புள்ளி! அந்த அடக்கமே கவனிக்கத் தக்கது.

கணினியில் ஆடும் போர் விளையாட்டுகளில் இந்தப் பிரச்சினை புது வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. 1991இல் சிட் மையர் வெளியிட்ட 'சிவிலிசேஷன்' போன்ற ஆட்டங்களில், தனியே உட்கார்ந்து ஆடுகிறவருக்கு எதிரி கணினியே. கடினம் கூடிய படியைத் தேர்ந்தெடுத்தால் கணினியின் புத்தி அதிகரிப்பதில்லை. அதற்கு உற்பத்தியிலும் வேறு பலவற்றிலும் சலுகை கூடுகிறது. புத்தியில் குறைந்த எதிரிக்குப் பொருளில் ஈடு செய்வது தனியாட்டத்துக்குப் பொருந்தும். அந்த நாற்காலியில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்துவிட்டால் அதே சலுகை அநியாயமாகிவிடும். அதோடு, கணினி முறையெடுக்க நொடிப்பொழுது. மனிதர் ஐவர் ஒருவர்பின் ஒருவராக யோசித்தால் மற்ற நால்வரும் கொட்டாவி விட வேண்டியதுதான். ஆகவே பலர் சேர்ந்து ஆடும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் முறையெடுக்கும் ஏற்பாட்டை இவ்வகை ஆட்டங்களில் வைத்தார்கள். அதன் விளைவாக, விரைவாகக் கை ஓடுகிறவருக்கு ஒரு புதிய அனுகூலம் கிடைத்தது. சேவகனின் இரட்டை அடிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது.

டேவிட் ஒயிட் 2003இல் தொடங்கி, உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் இலவசமாக வளர்த்துவரும் 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' என்ற, முறைவைத்து ஆடும் போர் விளையாட்டில் பல கட்சிகள். ஒவ்வொன்றின் படையும் ஒவ்வொரு விதம். அங்கே வீரன் ஒருவனை எதிர்த்து நிற்க வழியில்லை என்று ஆட்டக்காரர்கள் கண்டால், அவனுடைய வாளைப் பிடுங்கிவிடுவதில்லை. அவனைச் சேர்க்கும் செலவில் ஒன்றிரண்டு பொற்காசு கூட்டுவது அவர்களுடைய வழக்கம். தனியாட்டக் கதையில் ஒரு வீரன் பல போர்க்களங்களைக் கண்டு மெல்ல முதிர்கிறான். பலர் ஆடும் ஆட்டமோ ஒரே களத்தில் முடிந்துவிடுவது. ஆதலால் அங்கே வீரன் அடுத்த படிக்கு உயரத் தேவையான அனுபவத்தை வழக்கமாக 70 சதவீதமாகக் குறைத்துவிடுகிறார்கள். கதைக்கு ஒரு காலக்கணக்கு, பந்தயத்துக்கு ஒரு காலக்கணக்கு.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், சமநிலை என்பது இரு தரப்புக்கும் ஒரே காயைக் கொடுப்பதில் இல்லை என்பது தெளிவாகும். ஒரே படையோடு எதிரெதிர் நிற்கும் சதுரங்கத்தில்கூட முதலில் நகர்த்தும் வெள்ளைக்கு அனுகூலம் ஒட்டிக்கொண்டிருக்க, கல்லும் கொட்டையுமாக ஒவ்வாத படைகள் மோதும் களத்தில் நியாயம் நிலவக் காண்கிறோம். திருத்துகிறவர் ஒரு நேரத்தில் ஒன்றையே, அதுவும் கொஞ்சமாகவே அசைக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். தோற்கும் தறுவாயில் கொண்டுவரும் திருத்தத்துக்கு நம் பிள்ளைகள் 'அழுகுணி ஆட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சட்ட சபைகளுக்கும் அந்தப் பெயர் பயன்படும்.

திருத்திய விதி நியாயமானதுதானா என்று பரீட்சிக்கச் சுலபமான வழி ஒன்றுண்டு. சொத்தைப் பாகம் பிரிக்கையில் மூத்தவர் பங்குகளை வகுக்க, இளையவர் முதலில் எடுத்துக்கொள்வார் என்று குடும்பங்களில் ஓர் ஏற்பாடு இருக்கிறதல்லவா; எந்தப் பங்கு தமக்கு எஞ்சுமோ என்ற பயத்தினாலேயே மூத்தவர் கை நடுநிலை பிறழாது. 'ஹெக்ஸ்' என்னும் பலகை விளையாட்டில் முதல் காயை ஒருவர் வைக்க, அந்தக் காயோடு பக்கம் மாறிக்கொள்ளும் உரிமையை மற்றவருக்கு அளித்திருப்பதும் இதே தத்துவம்தான். திண்ணையில் குழந்தைகள் ஆடு புலி ஆட்டத்துக்கு உட்கார்ந்து, ஆடு பதினைந்தா பதினாறா என்று சச்சரவிடும்போது பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லப் புக வேண்டியதில்லை. ஆடுகளின் எண்ணிக்கையை ஒரு குழந்தை சொல்லட்டும். ஆடா புலியா என்பதை மற்றக் குழந்தை தேர்ந்தெடுக்கட்டும். இரண்டொரு ஆட்டத்துக்குள் அவர்களுடைய திறமைக்கு ஏற்ற எண்ணிக்கையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். திறமை வளர்ந்ததும் அதை மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.